ஹைஜீனிஸ்ட் கையில் மரப்பு ஊசி: அந்தப் பயிற்சிக்குள் என்ன இருக்கிறது

ஈறு நோய் முற்றிய ஒருவருக்குப் பல் சுத்தம் செய்வது, மேலே தெரியும் மஞ்சள் படிவைச் சுரண்டுவதோடு முடியாது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கு, நலமாக இருக்கும்போது 1 முதல் 3 மி.மீ. ஆழம்தான் இருக்கும். நோய் முற்றினால் அது 5, 6, 7 மி.மீ. ஆழமுள்ள பையாகிவிடும். அந்தப் பையின் அடிவரை கருவியை இறக்கி, வேரோடு ஒட்டிக் கல்லாக இறுகியிருக்கும் படிவான காரையை வழித்தெடுத்தால்தான் ஈறு ஆறும். வீங்கிச் சிவந்த ஈறுக்குள் எஃகுக் கருவி இறங்கினால் வலிக்கத்தான் செய்யும். வலித்தால் நோயாளி நாற்காலியைப் பற்றிக்கொண்டு உடம்பை முறுக்குவார். அதைப் பார்க்கும் கை தயங்கும். தயங்கிய கை மேலோட்டமாக வழித்துவிட்டு வெளியே வந்துவிடும், காரை அடியில் அப்படியே தங்கும். மரப்பு ஊசி இல்லாமல் இந்த வேலை பெரும்பாலும் அரைகுறையாகத்தான் முடியும்.

பல நாடுகளில் இந்த வேலையைச் செய்பவர் பல் மருத்துவர் அல்ல, பல்லையும் ஈறையும் சுத்தம் செய்வதற்கென்றே படித்த டென்டல் ஹைஜீனிஸ்ட். ஊசி போடும் உரிமை அவருக்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அடுத்த அறையில் வேறொருவருக்குப் பல் அடைத்துக்கொண்டிருக்கும் மருத்துவர் அந்த வேலையை நிறுத்திவிட்டு, கையுறை மாற்றிக்கொண்டு வந்து, ஊசி போட்டுவிட்டுப் போக வேண்டும். மரப்பு போதவில்லை என்றால் மறுபடி கூப்பிட வேண்டும். கூப்பிடத் தயங்கி, "கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லியே வேலையை முடித்துவிடுபவர்களும் உண்டு. ஒரு மணி நேரம் நோயாளியின் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தப் பல்லருகே கூச்சம் திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டிருப்பவர் ஹைஜீனிஸ்ட்தான். ஊசியும் அவர் கையில் இருப்பதே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் அதைத் தாங்கும் பயிற்சி அவருக்கு முழுமையாகக் கிடைத்திருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எதைப் பற்றியது என்பதில் வெளியே பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. குத்தக் கற்பதுதான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். குத்துவது அதில் சிறிய பகுதி.

வலியை மரக்கடிப்பது, பல்லைச் சுத்தம் செய்வது என்ற இந்த இரண்டு கலைகளும் பிறந்தது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில். 1844 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்ட் நகரில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். பிடுங்கியவர் ஜான் ரிக்ஸ். அதே ரிக்ஸ்தான் பின்னாளில் ஈறு நோய்க்குக் காரணம் பல்லில் படியும் காரை என்றும், அதை ஈறுக்குக் கீழே போய் வழித்தெடுக்க வேண்டும் என்றும் வாதாடியவர். அவர் பெயராலேயே அந்த நோய் வெகுகாலம் 'ரிக்ஸ் நோய்' எனப்பட்டது. அதே மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் நகரில் 1906-ல் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் தன் உதவியாளரும் உறவினருமான ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1913-ல் இதற்கென ஒரு பள்ளியும் தொடங்கினார். வலியில்லாமல் செய்வதும் வேர்வரை சுத்தம் செய்வதும் இவ்வளவு அருகருகே தொடங்கியும், இரண்டும் ஒரே கைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. ஹைஜீனிஸ்ட் மரப்பு ஊசி போடலாம் என்று 1971-ல் முதலில் அனுமதித்தது வாஷிங்டன் மாநிலம். அதன்பின் மாநிலம் மாநிலமாகச் சட்டம் மாறிக்கொண்டே வந்து, டெக்சாஸ் 2023-ல்தான் சேர்ந்தது. பிரிட்டனில் இந்த உரிமை முன்பே இருந்தாலும், மருந்துக்கு மருத்துவரின் எழுத்துபூர்வமான ஆணை தேவைப்பட்டது. 2024 ஜூனில் வந்த சட்டத் திருத்தம் அந்தத் தடையையும் நீக்கியது.

சட்டம் அனுமதித்துவிட்டது என்றாலும், 'யார் கண்காணிப்பில்' என்ற கேள்வி நிற்கிறது. ஊசி போடும்போது மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டும் என்கிறது ஒரு சட்டம். அனுமதி கொடுத்துவிட்டு அவர் வெளியே போயிருக்கலாம் என்கிறது இன்னொன்று. சில மாநிலங்கள் முதலில் மேலோட்டமான ஊசியை மட்டும் அனுமதித்தன, நரம்பையே முழுதாக மரக்கடிக்கும் ஆழ ஊசிக்கு அனுமதி தரவில்லை. அப்படிப் பாதி உரிமை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. காரணம் தாடை எலும்பிலேயே இருக்கிறது.

மேல்தாடை எலும்பின் வெளிப்புறம் மெல்லியது, நுண்துளைகள் நிறைந்தது. பல்லின் வேர் நுனிக்கு அருகே மருந்தை விட்டால் எலும்புக்குள் ஊறிப் போய் நரம்பைத் தொட்டுவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி அப்படி இல்லை. பெரியவர்களுக்கு அங்கே எலும்பு தடித்து இறுகியிருக்கும், மேலே விட்ட மருந்து உள்ளே போகாது. ஆகவே நரம்பு தாடை எலும்புக்குள் நுழையும் துளைக்கு அருகிலேயே போய் மருந்தை விட வேண்டும். அந்தத் துளை தாடையின் பின்கிளையின் உட்புறத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. மேல்தாடை ஊசியை மட்டும் கற்றுக்கொண்டவர் கீழ்க் கடைவாய்ப் பற்களுக்கு வந்ததும் மறுபடி மருத்துவரைத்தான் தேட வேண்டியிருக்கும்.

அந்தக் கீழ்த்தாடை ஊசியைக் கற்பதுதான் வகுப்பில் எல்லோரையும் வியர்க்க வைக்கிறது. கட்டைவிரலால் தாடைக் கிளையின் முன்விளிம்பில் உள்ள குழிவைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கன்னத்தின் உள்ளே மேலிருந்து கீழாக ஓடும் மடிப்பைக் கண்ணால் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலிருந்து சிரிஞ்சைக் கொண்டுவந்து ஊசியை நுழைக்க வேண்டும். 20 முதல் 25 மி.மீ. போனதும் நுனி எலும்பை மெதுவாகத் தொட வேண்டும். சீக்கிரமே எலும்பு தட்டினால் ஊசி முன்னால் தள்ளிப் போயிருக்கிறது என்று அர்த்தம். எலும்பே தட்டவில்லை என்றால் பின்னால் போய்விட்டது. அங்கேயே மருந்தை விட்டால் காதோர உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் போய், அதனூடே ஓடும் முகநரம்பை மரக்கடித்துவிடும். சில நிமிடங்களில் நோயாளியின் ஒரு பக்கக் கண் மூடாது, வாய் கோணும். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும் என்றாலும், அதுவரை அந்தக் கண்ணை மூடிப் பாதுகாக்க வேண்டும், பயந்துபோன நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எலும்பு தட்டாமல் மருந்தை விடாதே என்பதை ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

நுனி சரியான இடத்துக்குப் போன பிறகும் உடனே அழுத்தக் கூடாது. கட்டைவிரல் வளையத்தை லேசாகப் பின்னுக்கு இழுத்துப் பார்க்க வேண்டும். சிரிஞ்சில் பொருத்திய மருந்துக் குப்பியான கார்ட்ரிட்ஜுக்குள் ரத்தம் வந்தால் நுனி ரத்தக் குழாய்க்குள் இருக்கிறது. இந்த ஊசியில் பத்தில் ஒன்றுக்கும் மேல் அப்படி வரும், எனவே அரிதானது என்று ஒதுக்க முடியாது. ரத்தம் வராவிட்டாலும் ஊசியைச் சற்றுத் திருப்பி மீண்டும் இழுத்துப் பார்ப்பது நல்லது, குழாயின் சுவர் துளையை அடைத்துக்கொண்டிருக்கலாம். அப்புறம் ஒரு கார்ட்ரிட்ஜைக் காலிசெய்ய ஒரு நிமிடமாவது எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நிமிடம் மாணவர்களுக்கு மிக நீளமாகத் தோன்றும். அவசரப்பட்டால் வலியும் கூடும், ரத்தத்தில் மருந்து ஏறும் வேகமும் கூடும்.

இவ்வளவும் கையின் வேலை. பல கல்லூரிகளில் மாணவர்கள் முதலில் மாதிரித் தாடையிலும், பிறகு ஒருவர் மேல் ஒருவரும் பழகுகிறார்கள். தோழியின் வாயில் முதல் ஊசியைப் போட்டு, அடுத்த அரைமணியில் அதே ஊசியைத் தானும் வாங்கிக்கொள்வதில் பெரிய பயன் இருக்கிறது. அண்ணத்தில் ஊசி எப்படிச் சுரீரென்று இருக்கும், பஞ்சுக்குச்சியால் அந்த இடத்தை முன்பே அழுத்தி வைத்தால் எவ்வளவு குறையும், உதடு தடித்துப்போன உணர்வு எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதெல்லாம் உடம்புக்கே தெரிந்துவிடும். ஆனாலும் இதில் எனக்கு ஒரு கவலை உண்டு. சிகிச்சையே தேவைப்படாத ஒருவர், மதிப்பெண்ணுக்காகத் தன் நரம்பருகே ஊசியை அனுமதிக்கிறார். அரிதாக நாக்கு நரம்பு காயப்பட்டு மரப்பு வாரக்கணக்கில் நீடிக்கலாம். வாய் திறக்க முடியாமல் தாடை இறுகலாம். வேண்டாம் என்று சொல்லும் மாணவிக்கு மதிப்பெண் குறையாது என்பதைக் கல்லூரி எழுத்திலேயே உறுதி செய்ய வேண்டும். நோயாளியிடம் சம்மதம் பெறுவது எப்படி என்று கற்றுத்தரும் வகுப்பு, தன் மாணவர்களிடமும் அதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கைக்குப் பிறகு கணக்கு. இங்கேதான் பயிற்சியின் எடை இருக்கிறது. மரப்பு மருந்தான லிடோகெய்ன் 2 சதவீதக் கரைசல் என்றால் 1 மி.லி.யில் 20 மி.கி. மருந்து. 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் 36 மி.கி. அட்ரினலின் கலந்த லிடோகெய்னுக்கு உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மி.கி., மொத்தம் 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 50 கிலோ எடையுள்ள பெரியவருக்கு 350 மி.கி., அதாவது ஒன்பது கார்ட்ரிட்ஜ்வரை. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 4.4 மி.கி. என்று இன்னும் இறுக்கமாகக் கணக்கிடுவது வழக்கம். 20 கிலோ குழந்தைக்கு அது 88 மி.கி., இரண்டரை கார்ட்ரிட்ஜ்கூட இல்லை. பெரியவருக்குப் போட்டுப் பழகிய கைக்கு 'இரண்டோ மூன்றோ' என்பது சாதாரணம். குழந்தையிடம் மூன்றாவது கார்ட்ரிட்ஜ் எல்லையைத் தாண்டிவிடும். இன்னொரு மரப்பு மருந்தான ஆர்ட்டிகெய்ன் 4 சதவீதமாக வருவதால் ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் மருந்து ஏறக்குறைய இரு மடங்கு. ஈறின் மேல் தடவும் களிம்பும் கணக்கில் சேரும்.

ஆனால் எல்லையைத் தீர்மானிப்பது எப்போதும் மரப்பு மருந்தாகவே இருப்பதில்லை. ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அங்கேயே தங்கவைக்க அட்ரினலின் சேர்க்கிறார்கள். லட்சத்தில் ஒரு பங்கு என்ற கலவையில் ஒரு கார்ட்ரிட்ஜில் 0.018 மி.கி. இருக்கும். ஆரோக்கியமானவருக்கு ஒரு வருகையில் 0.2 மி.கி.வரை போகலாம். இதய நோய் உள்ளவருக்கு 0.04 மி.கி.தான் எல்லை. அப்படியானால் இரண்டு கார்ட்ரிட்ஜோடு நிறுத்த வேண்டும். அவர் 50 கிலோ எடையுள்ளவராய், லிடோகெய்ன் கணக்கில் இன்னும் ஏழு பாக்கி இருந்தாலும் அது செல்லாது. இதயத் துடிப்பைக் குறைக்கும் ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு அட்ரினலினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறலாம். கட்டுக்குள் வராத தைராய்டு மிகைப்பு, அண்மையில் கொக்கெய்ன் எடுத்திருப்பது இரண்டும் ஊசியைத் தள்ளிப்போடப் போதுமான காரணங்கள். அட்ரினலின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

"எனக்கு இந்த ஊசி அலர்ஜி" என்று நோயாளி சொன்னால் பயிற்சி பெற்றவர் உடனே தலையாட்டவும் மாட்டார், அலட்சியப்படுத்தவும் மாட்டார். அன்று என்ன நடந்தது என்று கேட்பார். தடிப்பும் அரிப்பும் மூச்சுத் திணறலும் வந்ததா, அல்லது வியர்த்துக் கண் இருட்டியதா, நெஞ்சு படபடத்ததா? லிடோகெய்ன் வகை மருந்துக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. மயங்கி விழுந்ததும் அட்ரினலின் படபடப்பும் பெரும்பாலும் அலர்ஜி என்ற பெயரில் நினைவில் தங்கிவிடுகின்றன. எது எது என்று பிரித்தறியத் தெரியாதவர், தேவையில்லாமல் ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க வலியைக் கொடுப்பார், இல்லாவிட்டால் உண்மையான ஆபத்தைத் தவறவிடுவார். நிச்சயமில்லை என்றால் ஊசியை அன்று தட்டில் விட்டுவிட்டு மருத்துவரிடமோ ஒவ்வாமை நிபுணரிடமோ அனுப்ப வேண்டும். போடாமல் விடத் தெரிந்தவரிடம்தான் ஊசியைக் கொடுக்கலாம் என்று நான் நினைப்பது இந்த இடத்தில்தான்.

அவசர நிலைகளில் அடிக்கடி வருவது மயக்கம். நாற்காலியைச் சாய்த்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அரிதாக வருவது ரத்தத்தில் மருந்து மிகுந்துபோவது. காதில் இரைச்சல், வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, சம்பந்தமில்லாத பேச்சு என்று தொடங்கி வலிப்புவரை போகலாம், அதையும் தாண்டினால் இதயத்தைத் தாக்கும். இதற்கு ஆக்சிஜனும் வலிப்பை நிறுத்தும் மருந்தும் தேவை, மருத்துவமனையில் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் ஏற்றுவார்கள். ஹைஜீனிஸ்ட் இதில் எல்லாவற்றையும் தானே செய்யப் போவதில்லை. முதல் அறிகுறியை அவர்தான் பார்ப்பார். காது இரைகிறது என்று நோயாளி சொன்னதும் நிறுத்தத் தெரிந்தால் போதும், பாதி ஆபத்து அங்கேயே தடுக்கப்படும்.

இனி வாயுவுக்கு வரலாம். ஊசிக்கே பயந்து வாய் திறக்காதவருக்கு மரப்பு மருந்தால் மட்டும் பயனில்லை. நைட்ரஸ் ஆக்சைடு அந்தப் பயத்தைத் தளர்த்தும். அமெரிக்காவில் பல மாநிலங்களிலும், கூடுதல் பயிற்சி பெற்றால் பிரிட்டனிலும் ஹைஜீனிஸ்ட் இதைக் கொடுக்கலாம். முதலில் ஆக்சிஜனை மட்டும் மூக்குக் கவசம் வழியாகக் கொடுத்து, பிறகு நைட்ரஸைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஒவ்வொரு படியிலும் நின்று நோயாளியோடு பேசுவார்கள். உடம்பு லேசாகி, விரல் நுனியில் சிலிர்ப்பு வந்து, கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அதுதான் வேண்டிய நிலை. வாந்தி வருவது போலிருந்தாலோ பேச்சு குழறினாலோ கூடிவிட்டது என்று பொருள். ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போகாதபடி கருவியே தடுத்துவிடும். அதனால் இது பாதுகாப்பான முறைதான், ஆனால் அந்தப் பாதுகாப்பே சிலரைக் கவனக்குறைவாக்குகிறது.

முடிக்கும்போது 5 நிமிடமாவது ஆக்சிஜன் மட்டும் கொடுப்பதன் காரணத்தை மாணவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். ரத்தத்தில் கரைந்திருந்த நைட்ரஸ் வேகமாக நுரையீரலுக்குத் திரும்பி வந்து, அங்கே இருக்கும் ஆக்சிஜனை நீர்த்துப்போகச் செய்யும். 1955-லேயே விளக்கப்பட்ட விஷயம் இது. மூக்கு அடைத்திருந்தால் வாயு போகாது. கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்து விழித்திரை அறுவை செய்துகொண்டவருக்கு இதைக் கொடுத்தால் குமிழி விரிந்து பார்வையே போய்விடலாம். நைட்ரஸ் பி12 வைட்டமினைச் செயலிழக்கச் செய்வதால் அந்தக் குறைபாடு உள்ளவருக்கும், கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் தவிர்க்க வேண்டும்.

இந்தப் பாடத்தில் அதிகம் பேசப்படாத ஒருவர் இருக்கிறார், ஹைஜீனிஸ்ட். நோயாளி அரைமணி நேரம் சுவாசிக்கும் வாயுவை அவர் நாள் முழுக்கச் சுவாசிக்க நேரிடும். உறிஞ்சி வெளியேற்றும் குழாய் இல்லாத அறைகளில் வாரத்துக்கு 5 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்த பெண் பல் மருத்துவ உதவியாளர்களிடம் கருத்தரிக்கும் வாய்ப்பு குறைந்திருந்ததை 1992-ல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் காற்றில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) என்ற எல்லையைப் பரிந்துரைக்கிறது. கவசம் மூக்கில் பொருந்தியிருக்கிறதா, குழாய்களில் கசிவு உண்டா, உறிஞ்சும் பம்ப் ஓடுகிறதா என்று பார்ப்பதும், வாயு போகும்போது நோயாளியை அதிகம் பேசவிடாமல் இருப்பதும் பாடத்தின் நடுவில் இருக்க வேண்டியவை. பின்னிணைப்பில் ஒரு பத்தியாக இவற்றைத் தள்ளிவிடும் பயிற்சிகள் மாணவிகளுக்கு நியாயம் செய்யவில்லை.

வாயுவைத் தாண்டினால் மயக்க மாத்திரையும் ரத்தக் குழாய் வழியே போடும் மயக்க ஊசியும் வருகின்றன. மிடசோலம் போன்ற மருந்து நோயாளியைச் சொன்னதற்குப் பதில் தரும் அரைமயக்கத்தில் வைக்கலாம், அதே அளவு இன்னொருவரை ஆழ்ந்த மயக்கத்துக்கு இழுத்துச் செல்லலாம். இந்த நிலைகளுக்கு நடுவே சுவர் கிடையாது. ஆகவே எந்த நிலையை நோக்கி மருந்து கொடுக்கிறோமோ அதற்கு அடுத்த ஆழத்திலிருந்தும் மீட்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது மயக்கவியலின் அடிப்படை விதி. மூச்சு நின்றவருக்குக் காற்றுப் பாதையைத் திறந்து பையால் மூச்சுக் கொடுக்கத் தெரியாதவர் அரைமயக்கம் கொடுக்கக் கூடாது. மயக்கத்தை முறிக்கும் மருந்தான ஃப்ளூமசெனில் கையில் இருந்தாலும், அதன் வீரியம் தணிந்ததும் நோயாளி மீண்டும் மயக்கத்துக்குள் சரியலாம். இந்தப் பொறுப்பைச் சில நாள் வகுப்பை வைத்து ஹைஜீனிஸ்ட் தலையில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. அவர் இங்கே செய்யக்கூடியது கண்காணிப்பு: மூச்சு, நிறம், ஆக்சிஜன் அளவு, பதில் சொல்லும் வேகம். அதை மட்டுமே செய்ய ஒருவரை நிறுத்த வேண்டும். காரை வழித்துக்கொண்டே கண்காணிப்பது இரண்டையும் கெடுக்கும்.

பயிற்சியை மணிக்கணக்கில் அளக்கும் விதிகள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. இத்தனை மணி நேர வகுப்பு, ஒரு தேர்வு, ஒரு சான்றிதழ். அதற்குப் பதிலாக, ஒவ்வொரு வகை ஊசியையும் ஆசிரியர் முன்னிலையில் எத்தனை முறை சரியாகப் போட்டார், மரப்பு வராதபோது என்ன செய்தார், எத்தனை நோயாளிகளின் மருத்துவ வரலாற்றைப் படித்து அளவை எழுதிக் காட்டினார் என்று பதிவு செய்வதே பொருளுள்ள அளவுகோல். படிப்பு முடிந்து ஊசிக்கு அனுமதி இல்லாத மருத்துவமனையில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வருபவருக்குச் சான்றிதழ் செல்லுபடியாகும், கை செல்லுபடியாகாது. அப்படிப்பட்டவர் முதல் நோயாளியைத் தொடும் முன் சில நாட்கள் இன்னொருவரின் கண்காணிப்பில் ஊசி போட வேண்டும். உயிர்காக்கும் முதலுதவிச் சான்றை ஒவ்வோர் இரண்டு ஆண்டுக்கும் புதுப்பிக்கக் கேட்கும் ஒழுங்குமுறை அமைப்புகள் இதையும் சேர்த்துக் கேட்கலாம்.